முப்பத்தொரு நாள் காத்திருந்த பேரி மரம்

நவம்பர் மாதக் கடைசியில் ஒரு நாள், எங்கள் வாசற்கதவில் நீளமான மட்டைப்பெட்டி ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு உடனே நினைவு வரவில்லை. ஆறு நாட்களுக்கு முன்புதான் நான் வைத்தியசாலையிலிருந்து குழந்தையில்லாமல் வீட்டுக்கு வந்திருந்தேன். பெட்டியில் ஒட்டியிருந்த தாளில் 'உயிருள்ள தாவரம், உடனே திறக்கவும்' என்று டேனிஷில் எழுதியிருந்ததை வாசித்த பிறகுதான், கோடையில் நாங்கள் ஓடர் பண்ணிய மரங்கள் அவை என்று விளங்கியது.

டென்மார்க்கில், கிரின்ஸ்டெட்டில் இந்த வீட்டை வாங்கி அது எங்களுக்கு முதல் வருடம். பின்வளவில் ஒரு மரக்கொட்டிலையும் வெறும் புல்லையும் தவிர ஒன்றுமில்லை. பழமரம் வைக்கவேண்டும் என்பது கணவரின் ஆசை. அவர் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அதிகம் கதைக்கமாட்டார். எதையாவது வாங்குவதென்றால் ஒரு மாதம் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். சட்டியில் வளர்ந்த மரத்தைவிட வெறும் வேரோடு வரும் மரம் நல்லது என்று அவர் முடிவுசெய்திருந்தார். இலை கொட்டி மரம் உறக்கத்துக்குப் போனபிறகு அதைத் தோண்டியெடுத்து, வேரிலுள்ள மண்ணை உதறிவிட்டு அனுப்புவார்கள். வந்தவுடன் நட்டுவிட்டால் வசந்தத்தில் அது புது நிலத்திலேயே விழித்துக்கொள்ளும்.

நான்கு வயது மகள் கணினியில் படங்களைப் பார்த்து, சிவப்பாக இருந்தபடியால் அப்பிளைத் தெரிந்தெடுத்தாள். என் வயிற்றிலிருந்த பிள்ளைக்கு ஒரு பேரி மரம் என்று நான் சொன்னேன். பெண் பிள்ளை என்று அப்போதே தெரியும்.

"அப்பிள் உமக்கு, பெயார்ஸ் தங்கச்சிக்கு, சுத்திவரப் புல்லு வெட்டுறது எனக்கு" என்று கணவர் மகளிடம் சொன்னார்.

அன்றிலிருந்து மகள் பின்வளவில் இரண்டு இடங்களைக் காட்டி, இது என்னுடையது, அது தங்கச்சியுடையது என்று டேனிஷில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். தபால் கொண்டுவருபவருக்கும் சொன்னாள்.

பிறகு நவம்பரில், ஹேர்னிங்கில் ஒரு மண்டபத்தில் நடந்த பிறந்தநாள் விழாவுக்குப் போயிருந்தோம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான், காலையிலிருந்து பிள்ளை துடிக்கவில்லையே என்று நினைத்தேன். பாட்டுச் சத்தத்தில் எனக்குத் தெரியாமல் போயிருக்கும் என்று நினைத்தேன். பிள்ளை அசையுமா என்று பார்க்கக் குளிரான யூஸ் குடித்துவிட்டு ஒரு கதிரையில் இடப்பக்கம் சரிந்து இருந்தேன். அதற்கு முன்பு இரண்டு தடவை இப்படிப் பயந்து வைத்தியசாலைக்குப் போய், ஒன்றுமில்லை என்று திரும்பி வந்திருந்தேன். மூன்றாம் தடவையும் போய் அவர்களின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்று அடுத்த நாள் காலைவரை பொறுத்தேன். பிள்ளை அந்த விழாவுக்கு முன்பே போயிருக்கும், நீ நேற்றே வந்திருந்தாலும் எதுவும் மாறியிராது என்று மருத்துவிச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று முறை சொன்னார். எனக்கு அது கேட்டது. ஆனால் இன்றைக்கும் அந்தக் கதிரையில் இருந்த நேரத்தைத்தான் நினைக்கிறேன்.

நான் வீட்டுக்கு வந்த நான்காம் நாள் கணவரும் அவருடைய நண்பர் ஒருவரும் போய் தேவாலயத்து இடுகாட்டில் பிள்ளையை அடக்கம் செய்தார்கள். பச்சை உடம்போடு நான் அந்தக் குளிரில் நிற்கக் கூடாது என்று அம்மா சொன்னார். நான் போகவில்லை.

பெட்டி வந்தபோது அம்மா எங்கள் வீட்டில்தான் இருந்தார். ஹேர்னிங்கிலிருந்து வந்து எனக்குப் பத்தியம் சமைத்து, உடுப்புத் தோய்த்து, மகளைப் பாலர் பாடசாலைக்குக் கூட்டிப்போய் வந்தார். இடையிடையே தொலைபேசியில் ஒரு பெரிய விவாதமும் நடத்திக்கொண்டிருந்தார். எங்கள் ஆட்களில் வீட்டில் பிள்ளை பிறந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு. ஆள் இறந்தாலும் முப்பத்தொரு நாள் துடக்கு. அந்த நாட்களில் கோயிலுக்குப் போவதில்லை, விளக்கேற்றுவதில்லை, நல்லது எதையும் தொடங்குவதில்லை. இறந்தே பிறந்த பிள்ளைக்கு இது பிறந்த துடக்கா, செத்த துடக்கா, எத்தனை நாள் என்பதுதான் கேள்வி. கனடாவிலிருந்த பெரியம்மா ஒன்று சொன்னார். லண்டனிலிருந்த சித்தி இன்னொன்று சொன்னார். கோயில் ஐயர், பெரிதாக யோசிக்கவேண்டாம், பத்து நாளோடு முழுகிவிட்டு வாருங்கள் என்று சொன்னாராம். நான் அடுத்த அறையில் படுத்திருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், நீங்கள் சொல்வதைச் செய்கிறேன் என்றுதான் சொல்லியிருப்பேன்.

கடைசியில் அம்மா தொலைபேசியை வைத்துவிட்டு வந்து சொன்னார். "ஆர் என்ன சொன்னாலும் சொல்லட்டும் பிள்ளை. எதுக்கும் முப்பத்தொண்டு இருப்பம்."

பெட்டி வந்த அன்று பின்னேரம் கணவர் வேலையால் வந்து பெட்டியைத் திறந்தார். என் உயரத்தில் இரண்டு தடிகள். நுனியில் இரண்டு மூன்று கிளைகள். அடியில் ஈரக் கடதாசிக்குள் மண்ணிறமான வேர்கள், நனைந்த தலைமயிர் மாதிரி. மகள் தொட்டுப் பார்த்துவிட்டு, இதில் மரம் எங்கே என்று கேட்டாள். கணவர் பெட்டிக்குள் இருந்த தாளை வாசித்துவிட்டு மண்வெட்டியை எடுக்கப் போனார்.

"தம்பி, எங்கை போறியள்?" என்று அம்மா குசினியிலிருந்து கேட்டார்.

"மரத்தை நட்டிட்டு வாறன் மாமி. இருட்ட முதல் முடிச்சிடலாம்."

"துடக்குக்கை பச்சை மரம் நடக்கூடாது."

"மரத்துக்கு என்ன மாமி துடக்கு?"

"மரத்துக்கில்லை. நடுற ஆக்களுக்கு."

கணவர் தாளை விரித்துக் காட்டினார். "இதிலை கிடக்கு. உடனை நட ஏலாட்டி ஒரு கிடங்கு வெட்டி, மரத்தைச் சரிச்சு வைச்சு, வேரை மண்ணாலை மூடிவிடட்டாம். பிறகு எடுத்து ஒழுங்கா நடலாம். அது நடுறதில்லைத்தானே."

"மண்ணுக்கை வைச்சு மூடினால் நட்டதுதான், தம்பி."

அம்மா யோசிக்காமல்தான் அப்படிச் சொன்னார். இரண்டு நாட்களுக்கு முன்பு கணவர் இடுகாட்டில் என்ன செய்துவிட்டு வந்தார் என்பது மூவருக்கும் தெரியும். கணவர் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, என்னைப் பார்த்தார். "நீர் சொல்லும். என்ன செய்வம்?"

நான் படித்தவள்தான். ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். ஒரு தாளில் எழுதியிருப்பதை வாசித்து, எழுதியிருக்கிற மாதிரியே செய்வதுதான் என் தொழில். அந்தத் தாளில் இருந்ததும் எனக்கு விளங்கியது. ஆனால் அம்மா தாழ்ந்த குரலில், "வீட்டிலை இருக்கிற ஒண்டையும் பாக்கவேணுமெல்லே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மகள் நிலத்தில் குந்தியிருந்து மட்டைப்பெட்டிக்குள் பொம்மையைப் படுக்க வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை. "முப்பத்தொண்டு முடியட்டும்" என்றேன்.

கணவர் மரங்களைக் கொண்டுபோய்ப் பின்வளவிலுள்ள மரக்கொட்டிலில் வைத்து, வேரின்மேல் சாக்கைப் போர்த்தார். அதோடு விட்டிருக்கலாம். தாளில் 'குளிரான, ஆனால் உறைபனி படாத இடம்' என்றுதான் இருந்தது. அடுத்த நாள் தொலைபேசியில் காலநிலையைப் பார்த்தேன். இரவில் மைனஸ் ஐந்து என்று காட்டியது. கொட்டிலின் சுவர் வெறும் பலகை. உறைபனி உள்ளே வராது என்று யார் சொல்வது? ஒரு நாள் முழுவதும் யோசித்தேன். இந்த முறை பொறுத்திருந்து பிறகு அழக் கூடாது என்று நினைத்தேன். கணவர் வேலைக்குப் போயிருந்த நேரம் இரண்டு மரங்களையும் வீட்டுக்குள் கொண்டுவந்தேன்.

உடுப்புத் தோய்க்கும் மெசினும், வீட்டைச் சூடாக்கும் பெட்டியும் இருக்கும் சின்ன அறையில் அவற்றை நிறுத்தினேன். கடதாசி காய்ந்திருந்தது. பிள்ளைக்கென்று அம்மா பழைய வேட்டிகளைக் கிழித்து, அவித்துத் தோய்த்து, மடித்துத் தந்த துண்டுகள் அலுமாரியில் இருந்தன. அதில் இரண்டை எடுத்து நனைத்து வேர்களைச் சுற்றினேன். வீட்டில் அவ்வளவு மிருதுவான துணி வேறு இல்லை. காலையிலும் மாலையிலும் துணியை அவிழ்த்து, இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்து, திரும்பச் சுற்றினேன். அந்த நாட்களில் எனக்குப் பால் சுரந்துகொண்டிருந்தது. இறுக்கிக் கட்டினால் நின்றுவிடும் என்று சொல்லியிருந்தார்கள், நிற்கவில்லை. குனிந்து துணியைப் பிழியும்போது சட்டை நனையும். பேரி மரத்தைச் சூட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். அப்பிளைக் கதவோரம் வைத்தேன். அறையில் இடமில்லை என்று சொல்லலாம். உண்மையில் பேரியை அதிகம் காக்க நினைத்தேன்.

கணவர் வந்து பார்த்தார். "உள்ளுக்கை சூடெல்லே" என்றார்.

"வெளியிலை மைனஸ்."

"மரம் குளிரைத் தாங்கும்."

"வேர் வெறுமனே கிடக்கு" என்றேன். அந்த மாதம் அவர் என்னோடு எதற்கும் வாதாடவில்லை.

துடக்கு தொடங்கி இருபத்துநான்காம் நாள் காலையில் துணியை நனைக்கப் போனேன். பேரியின் நுனிக் கிளையில் ஒரு மொட்டு வெடித்து, உள்ளேயிருந்து பச்சை தெரிந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒன்றல்ல, நாலைந்து. ஒன்று விரிந்து, மகளின் சின்னவிரல் நகமளவில் இரண்டு இலை விட்டிருந்தது. வெளியே புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது. நான் கணவரைக் கூப்பிட்டேன். மகள் முதலில் ஓடிவந்து பார்த்துவிட்டு, தங்கச்சியின் மரம் முழித்துவிட்டது என்று டேனிஷில் கத்திக்கொண்டு அம்மம்மாவிடம் ஓடினாள். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார்.

"பாத்தியே. பொறுத்தது நல்லதுக்குத்தான். பொறுத்த பிள்ளைக்குக் கடவுள் காட்டுறார்."

கணவர் வாசலில் நின்று மரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "வடிவாயிருக்கு" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

அன்று மதியம், அந்த இலைக்கு வெளிச்சம் வேண்டுமா என்று பார்க்கத்தான் தொலைபேசியை எடுத்தேன். அதில் ஒரு டேனிஷ் தோட்டக்காரரின் குறிப்பு இருந்தது. வெறும் வேர் மரத்தைச் சூடான இடத்தில் வைத்தால் அது வசந்தம் வந்துவிட்டதென்று ஏமாந்து மொட்டு விடும். மண் இல்லாததால் வேரால் எதையும் எடுக்க முடியாது. தண்டில் சேர்த்து வைத்திருப்பதைத்தான் அந்த இலைகள் தின்னும். பிறகு வெளியே நட்டால் பனி இலையைக் கருக்கும். உடனே குளிருக்குக் கொண்டுபோங்கள், இன்றே நடுங்கள் என்று எழுதியிருந்தது.

நான் அதை இரண்டு முறை வாசித்தேன். மூடினேன். அறைக்கதவைத் திறந்து பார்த்தால் அந்த இலைகள் இருந்தன. நிறமும் மினுக்கமும் நன்றாகத்தான் இருந்தன. இன்னும் ஏழு நாள்தானே என்று நினைத்தேன். இருபத்துநான்கு நாள் காத்துவிட்டு இப்போது முறித்தால், காத்ததும் வீண், முறித்ததும் பாவம். வாசித்ததை நான் யாருக்கும் சொல்லவில்லை. சூட்டுப் பெட்டியிலிருந்து மரத்தை ஒரு முழம் தள்ளி வைத்தேன். செய்தது அவ்வளவுதான்.

முப்பத்தொன்று முடிந்து, அம்மா வீடெல்லாம் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளித்தார். மறுநாள் மரங்களை வெளியே கொண்டுபோனோம். நிலம் மேலே ஒரு சாண் உறைந்திருந்தது. மண்வெட்டி இறங்கவில்லை. கணவர் அலவாங்கு கொண்டுவந்து, நிலத்தைக் குத்திக் கட்டிகளாகப் பெயர்த்தார். மகள் குளிருடுப்புக்குள் உருண்டையாக நின்று, முதலில் தங்கச்சியுடையதை நடவேண்டும் என்றாள். நட்டோம். மூன்றாம் நாள் இலைகள் கறுத்துத் தொங்கின.

"அது பனிக்கு விழுறதுதான்" என்றார் கணவர். "வசந்தத்துக்குப் பாப்பம்."

குளிர்காலம் முழுவதும் நான் பின்வளவுக்குப் போய்வந்தேன். பட்டையை நகத்தால் இலேசாகச் சுரண்டினால், உள்ளே பச்சையாக இருந்தால் உயிர், மண்ணிறமாக இருந்தால் இல்லை. ஜனவரியில் பச்சை இருந்தது. பெப்ரவரியில் மேலே மண்ணிறம், கீழே பச்சை. நான் அடுத்த நாளும் சுரண்டினேன், அதற்கடுத்த நாளும் சுரண்டினேன். தண்டு முழுக்க என் நகக்கீறல்கள். மார்ச்சில், பண்ணையில் ஒட்டுப்போட்டிருந்த முடிச்சுக்கு மேலே எங்கே சுரண்டினாலும் மண்ணிறம்தான். அப்பிள் ஏப்ரல் கடைசியில் ஒழுங்காகத் துளிர்த்தது. மகள் ஒவ்வொரு நாளும் தன் மரத்தில் எத்தனை இலை என்று எண்ணிவிட்டு, மற்றதைப் பார்த்து, இது சோம்பேறி என்று சொல்லிவிட்டுப் போவாள்.

மே மாதக் கடைசியில் பேரியின் அடியில், மண்ணோடு ஒட்டி ஒரு தளிர் வந்தது. வேகமாக வளர்ந்தது. இலை வட்டமாக, அடிப்பக்கம் வெண்சாம்பலாக இருந்தது. நான் படமெடுத்துக்கொண்டு, பழமரங்கள் விற்கும் நாற்றுப் பண்ணை ஒன்றுக்குப் போனேன். அங்கிருந்தவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, ஒட்டுக்குக் கீழே வந்திருக்கிறது, இது பேரியில்லை என்றார். பேரியை ஒட்டுப்போட்டிருந்த அடிமரம் வேறு இனம். மேல்மரம் செத்துவிட்டது, வேர் மட்டும் தன் பாட்டுக்கு வளர்கிறது. தோண்டி எடுத்துவிட்டு இலையுதிர்காலத்தில் புதிதாக ஒன்று வை என்றார். பிறகு சும்மா கேட்பது போல, நடுவதற்கு முன்பு எங்கே வைத்திருந்தாய், வீட்டுக்குள்ளா என்று கேட்டார்.

இல்லை, கொட்டிலில் வைத்திருந்தோம் என்று சொன்னேன். நான் பொய் சொல்கிறவள் அல்ல. அவர் தலையாட்டினார்.

அம்மா தொலைபேசியில் கேட்டபோது, "ஓம் அம்மா, அடியிலை துளிர் வந்திருக்கு" என்றேன். அவருக்குச் சரியான சந்தோசம். "நான் சொன்னனான்தானே" என்றார். துடக்கைக் காத்தபடியால்தான் மகள் அந்தக் குளிர்காலம் முழுவதும் ஒரு தடிமன் காய்ச்சல்கூட இல்லாமல் இருந்தாள் என்று அவர் நம்புகிறார். பயத்தில்தான் அப்படிச் சொல்கிறார், எனக்குத் தெரியும். அதே பயம் எனக்கும் இருக்கிறது. அவரிடம் என்னத்தைச் சொல்ல?

ஒரு ஞாயிறு பின்னேரம் கணவர் புல் வெட்டி முடித்துவிட்டு, பேரியின் முன்னால் குந்தியிருந்தார். நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். மகள் உள்ளே படம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அந்தத் தளிரைப் பிடித்துப் பார்த்தபடி, "இது அதில்லை, என்ன?" என்றார்.

"இல்லை." பிறகு, அவர் கேட்காமலே சொன்னேன். "எனக்கு முதலே தெரியும். இலை வந்த அண்டைக்கே வாசிச்சனான். உடனை நடச்சொல்லிக் கிடந்தது. நான் சொல்லேல்லை. இன்னும் ஏழு நாள்தானே எண்டு விட்டிட்டன்."

அவர் தேத்தண்ணிக் கோப்பையைப் புல்லில் வைத்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். கோபித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

"எனக்கும் தெரியும்" என்றார். "ஓடர் பண்ண முதலே இதெல்லாம் வாசிச்சனான்."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

அவர் தளிரிலிருந்து ஒரு இலையைக் கிள்ளி விரலில் சுருட்டினார். "நீர் அந்த மரத்துக்குப் பக்கத்திலை சிரிச்சுக்கொண்டு நிண்டனீர். மூண்டு கிழமைக்குப் பிறகு அண்டைக்குத்தான் சிரிச்சனீர். அந்த நேரத்திலை என்னெண்டு சொல்லுறது, மரம் சாகப்போகுது எண்டு?"

நான் சிரித்தது எனக்கு நினைவில்லை. அவரை அழைத்தது நினைவிருக்கிறது, மகள் ஓடியது நினைவிருக்கிறது, அந்த இலையின் அளவு நினைவிருக்கிறது. இன்றைக்கும் என் முகம் எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். ஏழு நாட்கள் ஒரே வீட்டில், ஒரே அறைக்குள் போய்வந்து, ஆளுக்கொரு பக்கமாக அதை ஒளித்து வைத்திருக்கிறோம்.

"எடுப்பமோ?" என்று கேட்டார்.

"எடுங்கோ."

தோண்டுவதற்கு அதிக நேரம் எடுக்கவில்லை. மண் இப்போது இளகி இருந்தது. அடிவேரில் ஒரு பக்கம் மட்டும் வெள்ளையாகப் புதுவேர் ஓடியிருந்தது. மற்றப் பக்கம் வந்தபோது இருந்த மாதிரியே இருந்தது. அவர் மரத்தைப் புல்லில் கிடத்திவிட்டுக் குழியைப் பார்த்தார். நவம்பரில் புதிதாக ஒன்று வைப்பதென்றால் குழியை இப்படியே விடலாமா, மூடுவதா என்று கேட்டார். இன்னொன்று வைப்போமா என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. நாங்கள் மரத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை என்பது தெரியும்.

"மூடுங்கோ" என்றேன்.

அவர் மண்ணைத் தள்ளினார். நான் காலால் மிதித்துச் சமப்படுத்தினேன். உள்ளேயிருந்து மகள் படம் முடிந்துவிட்டது என்று கூப்பிட்டாள். வாறன் என்று சொன்னேன். புல்லில் கிடந்த மரத்தின் அடியில் அந்தத் தளிர் இன்னும் வாடாமல் நின்றது. அதையாவது விட்டிருக்கலாமோ, எந்த மரமென்றால் என்ன, உயிரோடு இருந்ததுதானே என்று, மண்ணை மிதித்து முடிப்பதற்கு முன்பே யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.